ஒண்ணும் தெரியலை

நவம்பரில் பட்டாபியின் கால்கள் மரத்துப் போக ஆரம்பித்தன.

தில்லி கிட்வாய் நகரிலிருந்து செக்ரடேரியட்டுக்குச் சைக்கிளில் அரை மணி. பன்னிரண்டு வருஷமாகப் போய்வருகிற வழி. அன்று சாயங்காலம் திரும்பியவர் மாடிப்படியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது காலைத் தரையில் இரண்டு மூன்று தடவை உதைத்தார். ருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. கால் மரத்துப் போயிடுத்து."

"எந்தக் கால்?"

"ரெண்டும். வலது ஜாஸ்தி. ஏரோட்ரோம்கிட்டப் போறச்சயே ஆரம்பிச்சுடறது. எறும்பு ஊர்றாப்பல."

மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும். ருக்கு டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

"கால் மரத்துப் போச்சுன்னு யாராவது டாக்டர்கிட்டப் போவாளா? போனாலும் என்ன சொல்லப் போறான். சைக்கிளை விடுன்னுவான்."

"பஸ்ல போறது."

"பஸ்ல ஒரு காலைத்தான் உள்ள வைக்க முடியும். இன்னொரு கால் வெளியில தொங்கும். அதுவும் மரத்துப் போகும்."

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அந்த நேரத்தில் யாரும் தன்னிடம் ஃபைல் நீட்டுவதில்லை என்று அவர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஏரோட்ரோம் மதிலுக்கு மேலே கிளைடர்கள் சத்தமில்லாமல் போகும் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான். அவள் மறக்கவில்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் குர்பச்சன் சிங் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, எண்ணெய் ஊறிய ஒரு மரப்பெட்டி. ருக்கு காய்கறிப் பையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

ருக்குவின் ஹிந்தி காய்கறிக்காரர்களிடமும் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலும் கற்றது. முதலில் தமிழில் யோசிப்பாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதன் இடத்தில் ஒரு ஹிந்திச் சொல்லை வைப்பாள். பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பட்டாபிக்கு அதுவும் கிடையாது. ஆபீசில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், தெருவில் ருக்கு.

மரத்துப் போவதற்கு அவளிடம் ஹிந்திச் சொல் இல்லை. மரத்துக்கு இருந்தது.

"மேரே ஆத்மி கா பைர் பேட் ஹோ ஜாதா ஹை," என்றாள்.

குர்பச்சன் சிங் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். தலைக்கு மேலே இருந்த வேம்பைப் பார்த்தார்.

"பேட்?"

"பேட்." மரம்தான் என்று அவளும் வேம்பைக் காட்டினாள்.

பிறகு செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் உதைத்து, விரல்களால் கணுக்காலின் மேல் எறும்பு ஊர்வது போல் செய்து காட்டினாள். அவர் தாடி குலுங்கச் சிரித்தார்.

"அச்சா, அச்சா. ஸோ ஜாதா ஹை."

கால் தூங்கிவிடுகிறது. அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்.

வீட்டில் வைதேஹி ஒரு வாரம் சிரித்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. தில்லியில் பிறந்தவள், ஹிந்தியில்தான் கனவு காண்பாள் என்று பட்டாபி சொல்வார். அவர் ஆபீசிலிருந்து வந்ததும் படிக்குமேல் நின்று கேட்பாள்.

"அப்பா, இன்னிக்கு உன் கால் மரமா, தூக்கமா?"

"மரம். நாளைக்குக் காய்க்கும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். குர்பச்சன் சிங் பட்டாபியைச் சைக்கிளில் ஏற்றி, மரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு மிதிக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து, வெகு நேரம் அவருடைய கால்களை மட்டும் பார்த்தார். பிறகு ருக்குவிடம் பேசினார்.

"முன்பாதத்தால மிதிக்கணுமாம். நீங்க நடுப்பாதத்தால மிதிக்கறேளாம். அங்கேதான் நரம்பு அமுங்கறதாம்."

"பன்னண்டு வருஷமாத் தப்பா மிதிச்சிண்டிருக்கேனா?"

"அப்படித்தான் சொல்றார்."

"ஆபீஸ்லயும் அதைத்தான் சொல்றா."

சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தினார். தேய்ந்துபோன இரும்புப் பெடலைக் கழற்றிவிட்டு, அகலமான ரப்பர் பெடல் மாட்டினார். பட்டாபியின் ஷூவை வாங்கி இரு கையாலும் வளைத்தார். அது அப்பளம் மாதிரி வளைந்தது. இவ்வளவு மெலிந்த அடித்தோல் போட்டால் பெடல் முழுதும் காலில் அழுத்தும் என்றார். கெட்டித் தோலில் இன்னொரு அட்டை அடிக்க வேண்டும்.

அதை ருக்கு செய்துமுடித்தாள். மார்க்கெட் வாசலில் செருப்புத் தைப்பவர் கெட்டித் தோலை அளவாக வெட்டி, ஷூவின் அடியில் வைத்துச் சின்ன ஆணிகளாக வரிசையாக அடித்துக் கொடுத்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இன்னும் நெருக்கமாக அடிக்கச் சொன்னாள்.

மற்றவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஷூ லேஸை உருவி எடுத்து, கீழ் இரண்டு துளைகளை விட்டுவிட்டுக் கோர்த்தாள். காலையில் அவர் படியில் உட்கார, அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு அடியில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். விரல் போகாவிட்டால் அவிழ்த்து மறுபடி போடுவாள்.

"நானே கட்டிப்பேன்."

"இறுக்கிடுவேள்."

குளிருக்கு அவர் இரட்டையாகப் போட்டிருந்த கம்பளிக் காலுறையில் ஒன்றை எடுத்துவிட்டாள்.

"குளிரும் ருக்கு."

"குளிரட்டும். ரத்தம் ஓடணும்."

சிக்னலில் நிற்கும்போது ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். ஏரோட்ரோம் வாசலில் இறங்கி நாற்பது அடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அவர் நடந்தார். வாசலில் நின்ற காவல்காரர் தினமும் "பங்க்சர்?" என்று கேட்டார். "நஹி," என்றார் பட்டாபி. தான் பிழையில்லாமல் பேசுகிற ஹிந்தி அது ஒன்றுதான் என்று வீட்டில் வந்து சொன்னார்.

தினமும் சாயங்காலம் ருக்கு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இன்னிக்கு எங்கே?"

காலையில் போகும்போது எறும்பு எங்கே ஊர ஆரம்பித்தது என்று அர்த்தம். முதலில் ஏரோட்ரோம் என்று பதில் வந்தது. டிசம்பர் கடைசியில் சஃப்தர்ஜங் சமாதி. ஜனவரி முழுக்கப் பனி. ரேஸ் கோர்ஸ் முனை என்றார். வைதேஹி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வழியை வரைந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு எறும்பு போட்டாள். எறும்புகள் ஆபீஸை நோக்கி நகர்ந்துகொண்டே போயின.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இளைத்தார். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டார். சைக்கிள் உடம்பு என்று ருக்கு பக்கத்து வீட்டில் சொன்னாள். வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார். காலுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு செம்பு.

மார்ச்சில், ஹோலி முடிந்து நாலைந்து நாள் கழித்து, அவர் படியில் உட்காராமல் நேரே மேலே வந்தார்.

"இன்னிக்கு எங்கே?"

"எங்கேயும் இல்லை."

"அப்படின்னா?"

"ஒண்ணும் தெரியலை, ருக்கு. போறச்சயும் ஒண்ணும் தெரியலை. வரச்சயும் ஒண்ணும் தெரியலை."

அவள் உடனே நம்பவில்லை. இன்னும் மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் அதே பதில். ஞாயிற்றுக்கிழமை சேமியா பாயசம் வைத்தாள். பட்டாபி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வைதேஹி நோட்டில் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே கடைசி எறும்பைப் போட்டு, அதன் மேல் பெருக்கல் குறி போட்டாள்.

மூடி போட்ட டம்ளரில் கொஞ்சம் பாயசம் எடுத்துக்கொண்டு ருக்கு வேப்ப மரத்தடிக்குப் போனாள். குர்பச்சன் சிங் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டம்ளரை நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"டீக் ஹோ கயா?"

சரியாகிவிட்டது என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த ஹிந்தி அவளுக்குத் தெரியும். ஆனால் பட்டாபி சொன்னதை அப்படியே சொல்ல ஆசைப்பட்டாள். யோசித்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"அப் குச் பதா நஹி சல்தா."

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"பதா நஹி சல்தா?"

"நஹி சல்தா," என்றாள் அவள், சந்தோஷமாக.

"பில்குல்?" துளிக்கூடவா என்று கேட்கிறார்.

"பில்குல்."

அவர் பாயசத்தைக் குடிக்கவில்லை. டம்ளரை மரப்பெட்டியின் மேல் வைத்தார். ட்யூபைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பீபிஜி, டாக்டர் கோ திகா தோ."

டாக்டரிடம் காட்டுங்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"குணமாயிடுத்துன்னு சொன்னா, டாக்டரைப் பாருங்கறார் அந்த சர்தார்ஜி!"

பட்டாபி தட்டிலிருந்து நிமிர்ந்தார். "போன தடவை மரம்னே. இந்தத் தடவை என்ன சொல்லித் தொலைச்சே?"

அவள் சொல்லிக் காட்டினாள். வைதேஹி மோர் சாதத்தைப் பிசைந்தபடி சொன்னாள்.

"நீ சரியாத்தாம்மா சொல்லியிருக்கே. குச் பதா நஹி சல்தா. ஒண்ணும் தெரியலை. கரெக்ட்."

"பார்த்தேளா? பொண்ணே சொல்றா, கரெக்ட்னு."

"அப்போ அவருக்குத்தான் ஹிந்தி வரலை," என்றார் பட்டாபி.

மூவரும் சிரித்தார்கள். பட்டாபிக்குப் புரையேறியது. ருக்கு அவர் தலையில் தட்டினாள்.

ஏப்ரலில் காற்று சுடத் தொடங்கியது. மே மாதம் தார் ரோடு இளகியது. பட்டாபி குடையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய்வந்தார். ருக்கு காலையில் லேஸ் கட்டுவதை விடவில்லை. அவசியமில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் படியில் உட்கார்ந்தார், அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் எங்கே என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மே மூன்றாவது வாரம், புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாடிப்படிப் புழுதியைக் கழுவி விட்டிருந்தாள். பட்டாபி மேலே வந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அவள் வாளியை எடுக்கப் படிக்கு வந்தபோது ஒன்றுவிட்டு ஒரு படியில் ஒரு கறை இருந்தது. வலப்பக்கம் மட்டும். வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். துணி சிவந்தது. கறை படியோடு முடியவில்லை. கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் போயிற்று.

அவர் பானைக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது செம்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கோ."

"ஏன்?"

"உக்காருங்கோன்னா."

அவர் மணையில் உட்கார்ந்தார். அவள் வலது ஷூவை அவிழ்த்தாள். காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தாள். ஷூவுக்குள் கையை விட்டாள். அடித்தோலில் அடித்த ஆணிகளில் ஒன்று மேலே வந்திருந்தது. ஒரு அரிசி நீளம். அது எங்கே இருந்ததோ அதற்கு நேராக, முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் தோல் வெளுத்துப் போயிருந்தது. இன்றைக்கு ஆனதில்லை.

"வலிக்கலையா?"

"என்ன வலிக்கலையா?" அவர் குனிந்து பார்த்தார். பார்த்தபிறகும் முகத்தில் மாற்றம் இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் பார்த்தார். "ஒண்ணும் தெரியலை," என்றார்.

ருக்கு நிமிர்ந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவருடைய கால் சுண்டுவிரலை எடுத்துத் தன் நகங்களுக்கிடையில் வைத்து அழுத்தினாள். பலமெல்லாம் கொடுத்து அழுத்தினாள். அவர் செம்பில் மீதமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"டிஞ்சர் இருக்கா பாரேன்," என்றார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஊசியால் தொடும்போதெல்லாம் 'யெஸ்' சொல்ல வேண்டும். பட்டாபி கண்ணை மூடிக்கொண்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பரீட்சைக்கு உட்கார்ந்தவர் போல் இருந்தார். டாக்டர் வலது காலில் ஆரம்பித்தார். விரல் நுனிகள். முன்பாதம். குதிகால். கணுக்கால். ருக்கு கட்டிலின் மறுபக்கம் நின்று பார்த்தாள். டாக்டர் இடது காலுக்குப் போனார். அங்கேயும் கணுக்கால் வரை வந்தார்.

"ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று பட்டாபி இங்கிலீஷில் கேட்டார், கண்ணைத் திறக்காமல்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

வார்டில் செலின் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். நாகர்கோவில் பக்கம். தமிழ்க் குரல் கேட்டு அவளாகவே வந்தாள்.

"சுகர் ரொம்ப நாளா இருந்திருக்கு அக்கா. தண்ணி நெறையக் குடிப்பாங்களா?"

"குடிப்பார். வெயில்னு நெனைச்சேன்."

"மெலிஞ்சாங்களா?"

"சைக்கிள்னு நெனைச்சேன்."

"மொதல்ல எறும்பு ஊர்றது மாதிரி இருந்திருக்குமே?"

"இருந்தது. அப்புறம் நின்னுடுத்து."

"நிக்கறதுதான் அக்கா மோசம். நரம்பு செத்துப் போச்சுன்னு..." செலின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். திரும்பிச் சலைன் குழாயைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"பாயசம் வெச்சேன்," என்றாள் ருக்கு.

செலினுக்குப் புரியவில்லை.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்கிற அன்று, பாதம் போதாது, முழங்காலுக்குக் கீழே என்றார்கள். கையெழுத்துப் போட ஒரு தாள் நீட்டினார்கள். ருக்கு அதை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். எந்தக் கால் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அவருடைய பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாட்ச், கண்ணாடி, பெல்ட், ஷூ. ஷூ இரண்டும் இருந்தன.

ஜூலை முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். பட்டாபியை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. தூக்கினவர்களிடம், "ஸாரி, ஸாரி," என்று சொல்லிக்கொண்டே போனார்.

ருக்கு காய்கறிக்கு ஐ.என்.ஏ. போவதை விட்டுவிட்டாள். வண்டிக்காரரிடம் வாங்கினாள். அவரிடம் ஹிந்தி பேசாமல் விரலால் காட்டினாள். வேண்டியதை வைதேஹி சொன்னாள். வைதேஹி ஒருநாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, கிழித்ததை இன்னும் சின்னதாகக் கிழித்தாள்.

கணக்கு ஒன்று ருக்குவின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஹோலி கழிந்த ஞாயிறுக்கும் அந்தப் புதன்கிழமைக்கும் நடுவில் எட்டு வாரம். டாக்டரிடம் காட்ட எட்டு வாரம் இருந்தது. அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. சாதம் குழைந்திருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடச் சொன்னார். அங்கிருந்து வேறு குவார்ட்டர்ஸின் பின்பக்கம்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குர்பச்சன் சிங் வந்தார். யார் சொன்னார்களோ. துவைத்த சட்டை போட்டிருந்தார். கையில் மூடி போட்ட அந்த டம்ளர். கழுவிப் பளபளவென்று இருந்தது. வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே நின்றார். போர்வை ஒரு பக்கம் தரையைப் போல் தட்டையாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

ருக்குவிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னார். மெதுவாக, அவளுக்குப் புரிய வேண்டும் என்று, இரண்டு தடவை சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றார் பட்டாபி.

அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு... அழுத்திச் சொல்லலையாம். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணுமாம். வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கணுமாம்."

பட்டாபி அவரைப் பார்த்தார்.

"அவர் சொன்னார். நாமதான் சிரிச்சோம். அவர்கிட்டச் சொல்லு."

ருக்கு வாயைத் திறந்தாள். அந்த வாக்கியத்தில் அவளுக்குத் தெரியாத ஹிந்திச் சொல் ஒன்றுமில்லை. வரவில்லை. கதவருகே நின்ற வைதேஹிதான் சொன்னாள். சுத்தமான ஹிந்தியில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

குர்பச்சன் சிங் தலையை ஆட்டினார். தாடியைத் தடவினார். பிறகு கீழே கையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"சைக்கிள் என்ன பண்றதுன்னு கேக்கறார்," என்றாள் ருக்கு.

"சீட்டை இறக்கித் தரச் சொல்லு. வைதேஹி ஓட்டட்டும்."

"அவ ஓட்ட மாட்டா."

"இன்னிக்கு ஓட்ட மாட்டா."

கீழேயிருந்து ஸ்பானர் சத்தம் கேட்டது. முதலில் இறுகிப் போயிருந்தது போல. இரண்டு மூன்று தடவை தட்டினார். பிறகு இளகிற்று. உயர்த்திய இரண்டு விரற்கடையும், அதற்குக் கீழேயும் சீட் இறங்குகிற சத்தம். பட்டாபி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முன்பு டாக்டர் சொன்னபோது மூடிக்கொண்டது போலவே, கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் மழை. அந்த வருஷத்துக்கு முதல் பெரிய மழை. ருக்கு ஜன்னலைச் சாத்த வந்தாள். ஆபீஸ் விட்டு வருகிற சைக்கிள்கள் தெருமுனையில் மணி அடித்துக்கொண்டு போயின. அவள் கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் சுருங்கியிருந்தது.

"என்னன்னா?"

"ஒண்ணுமில்லை."

"சொல்லுங்கோ."

"கால் மரத்துப் போறது."

அவள் இடது காலைப் பிடித்தாள்.

"அது இல்லை."

அவள் கையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் செலின் இதைச் சொல்லியிருந்தாள். இப்படி வரும் அக்கா, பயப்படாதீங்க, பொய் இல்லை, அவங்களுக்கு நிஜமா இருக்கும் என்றிருந்தாள். அப்போது ருக்குவின் காதில் அது விழவில்லை.

"எறும்பா?"

"எறும்பு. சுண்டுவிரல்ல. யாரோ நகத்தால கிள்றாப்பலவும் இருக்கு."

அவள் கட்டிலுக்குக் கீழே, காலையில் லேஸ் கட்டும்போது உட்காருகிற மாதிரி, தரையில் உட்கார்ந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த பக்கம். இடது கால் எவ்வளவு நீளம் என்று பார்த்தாள். அதற்கு நேராக, இந்தப் பக்கத்தில், அளந்து கையை வைத்தாள்.

"இங்கேயா?"

"இன்னும் கீழே."

கையை நகர்த்தினாள்.

"இங்கே?"

"ஆமா."

அவள் விரல்களால் போர்வையை மெதுவாகத் தேய்த்தாள். போர்வைக்கு அடியில் மெத்தை இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெளியில் மழை விடவில்லை.

"தெரியறதா?" என்றாள்.

"தெரியறது," என்றார்.